வலி மறந்த பாதம்

கொசஸ்தலையாற்றின் உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, முன்னொரு காலத்தில் மணலும் மீனவர் குப்பங்களுமாகவே இருந்து, இன்று கப்பல் கட்டும் தளமும், சரக்குத் துறைமுகமும், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் பிரித்தெடுக்கவென்று 2010-இல் தொடங்கிய ஆலையுமாக உருமாறிவிட்ட காட்டுப்பள்ளியில், காலை ஷிப்டுக்கு வருகிறவர்களின் தலையில் கவசம் இருக்கிறதா, காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ இருக்கிறதா என்று பார்த்தே உள்ளே விடுவது வழக்கம். மேலிருந்து விழும் இரும்பிலிருந்து பாதத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்த ஷூவுக்குள்ளேயே, எவர் கண்ணிலும் படாமல் பாதம் கெட்டுப்போகக்கூடும் என்பதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சர்க்கரை வியாதிக்காரர்களின் காற்புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர்களைக் கேட்டால், ஏறக்குறைய ஒரே விதமான வரலாற்றைத்தான் சொல்லுவார்கள். காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு போன மனிதர் மாலையில் வீடு திரும்பிக் கழற்றுகிறார். காலுறை ஈரமாக இருக்கிறது. வியர்வை என்று எண்ணி உதறப் போனவரை மனைவி தடுத்து, அது ரத்தம் என்கிறாள். ஷூவைக் கவிழ்த்துத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு சிறு நட்டு உருண்டு விழுகிறது. பத்து மணி நேரம் அதன் மேலேயே நடந்திருக்கிறார். ஒரு தடவைகூட 'சுருக்'கென்று குத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்கும். 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது' என்று அவர் சொல்லியிருப்பார். செருப்பு நழுவிப் போனதே தெரியாமல் பத்தடி நடந்திருப்பார். வலிக்கவில்லையாதலால் வைத்தியரிடம் போக வேண்டுமென்று தோன்றியிராது.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருக்குமானால் நரம்புகள் சீர்குலைகின்றன. அவற்றுள் மிக நீண்டவை முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுபவை. ஆகவே முதற்சேதம் பாதத்துக்கே நேர்கிறது. ஸ்பரிச உணர்வு மங்குவதோடு காரியம் நிற்பதில்லை. வியர்வையைத் தூண்டும் நரம்புகள் செயலிழப்பதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் தளர்வதால் விரல்கள் கொக்கிபோல் மடங்கி, விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள் தரையை நோக்கித் துருத்துகின்றன. உடலின் பாரமெல்லாம் அந்த ஒன்றிரண்டு புள்ளிகளில் வந்து குவிய, அங்கே தோல் தடித்து ஆணியாகி, ஆணிக்கு அடியில் கன்றிச் சீழ் பிடிக்கிறது. இரத்தக் குழாய்களும் குறுகிப் போயிருந்தால் அந்தப் புண் ஆற வழியில்லை. நீரிழிவினால் காலை எடுக்க நேர்ந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த விபரீதம் ஒரு சிறு புண்ணிலேயே ஆரம்பமாகியிருக்கிறது. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுள்ளவர் 10 கோடிப் பேருக்கு மேல். நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் என்ற கணக்கில் தமிழ்நாடு தேசிய விகிதத்தையும் மிஞ்சி நிற்கிறது.

இந்தப் பாத விஞ்ஞானத்தின் வேர்கள் பெரும்பாலும் நம் மண்ணிலேயே இருக்கின்றன என்பதும், அவை நீரிழிவு ஆராய்ச்சியில் தோன்றாமல் குஷ்டரோக ஆராய்ச்சியில் தோன்றின என்பதும் பலருக்குத் தெரியாது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், குஷ்டரோகிகளின் விரல்களும் பாதங்களும் தாமாகவே அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் கூர்மையிலும் ஓயாத அழுத்தத்திலும் அடிபட்டுத்தான் அழிகின்றன என்று கண்டறிந்தார். அதற்கும் முன்பே, 1930-களில், இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை வைத்தியர் உணர்விழந்த பாதத்தை மாவுக்கட்டில் அணைத்துப் பாரத்தைப் பரப்பிவிட்டால் புண் ஆறும் என்று காட்டியிருந்தார். வேலூர் வட்டாரத்தில் குஷ்டரோகிகளுக்காக உருவாகிய மிருதுவான நுண்துளை ரப்பர்ச் செருப்புத்தான், இன்று சர்க்கரை வியாதிக்காரர்கள் கடையில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குவது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் குஷ்டரோக மருத்துவமனைக்குச் சென்றபோது, நீரிழிவுப் பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில், அது தாம் தமிழ்நாட்டில் பல்லாண்டு பார்த்துப் பழகிய அதே பாதம் என்பதை உணர்ந்துகொண்டார்.

உணர்வு போயிற்றா இல்லையா என்பதை எப்படி அறிவது? மிக எளிய கருவி ஒரு நைலான் இழை. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் அது வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நோயாளி அந்தத் தொடுகையை உணர்ந்தால் பாதத்தைக் காக்கும் உணர்வு இருக்கிறது, உணராவிட்டால் போய்விட்டது. பத்துக் கிராம் என்ற அந்த எல்லையை 1986-இல் நிலைநாட்டியவர்கள் அதே கார்வில்லைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். ஆனால் இழை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு விடைகளைத்தான் தரும். உணர்வு படிப்படியாகத் தேய்ந்து வருகிற ஆண்டுகளில், எவ்வளவு தேய்ந்தது என்று அதனால் சொல்ல இயலாது.

டிஜிட்டல் பரிசோதனைக்கு அவசியம் ஏற்படுவது இந்த இடத்தில்தான். அதிர்வுணர் மானியின் முனையைப் பெருவிரலில் வைத்து, மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அதிர்வது தெரிந்ததும் நோயாளி சொல்லுகிறார். அந்த எண் கணினியில் பதிவாகிறது. 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியாதவருக்குப் புண் வரும் அபாயம் பன்மடங்கு. ஓர் ஆண்டில் பதினான்காக இருந்தது மறு ஆண்டில் பதினெட்டாகி அதற்கடுத்த ஆண்டில் இருபத்திரண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். புண் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்னரே அது வரும் வழி தெரிந்துவிடுகிறதல்லவா? ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெறுங்காலுடன் நடந்து தோல் காய்த்துப்போனவர்களுக்கு, கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களைப் போன்றவர்களுக்கு, தோலின் தடிப்பே எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். ஆகையால் எண்ணோடு பாதத்தையும் பார்க்கிற வைத்தியர்தான் வேண்டும்.

அழுத்தத்தை அளக்கும் முறை இன்னும் அழகானது. விளிம்புகளில் விளக்கொளி பாய்ச்சிய ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மீது மனிதரை நிற்கவும் நடக்கவும் வைக்கிறார்கள். கண்ணாடிக்குள்ளேயே முழுதும் எதிரொளித்து ஓடிக்கொண்டிருக்கும் ஒளி, தாள் கண்ணாடியை அழுந்தத் தொடும் இடங்களில் மட்டும் சிதறுகிறது. எங்கே பாரம் மிகுதியோ அங்கே ஒளியும் மிகுதி. கீழேயிருந்து காமிரா அந்த ஒளிச்சித்திரத்தைப் பிடிக்கக் கணினி அதை வர்ண வரைபடமாக்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கே. எம். பாட்டீல் இவ்வகைக் கருவியைக் கொண்டு குஷ்டரோகப் பாதங்களையும் நீரிழிவுப் பாதங்களையும் பல்லாண்டு ஆராய்ந்தார். இன்றைய மருத்துவமனைகளில் கண்ணாடியின் இடத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணுணரிகள் பதித்த தகடுகள் வந்துவிட்டன. வரைபடத்தில் எந்த இடத்தில் மிகுந்த பாரத்தைக் காட்டும் சிவப்பு தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகச் செருப்பின் உள்தகட்டைக் குழித்துக் கொடுத்தால் பாரம் பரவிவிடுகிறது.

இரத்த ஓட்டத்துக்கு, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள், 0.9-க்குக் கீழே போனால் குழாய் குறுகியிருக்கிறது என்று பொருள். இவை எல்லாவற்றிலும் வீட்டுக்கு மிக அருகில் வரக்கூடியது வெப்பமானி. தோலுக்கு அடியில் திசுக்கள் கன்றும்போது, புண் வாய் திறப்பதற்குப் பல நாள் முன்பே அந்த இடம் சுடுகிறது. பிராண்ட் உள்ளங்கையாலேயே அதைத் தடவிக் கண்டார். ஒரு பாதத்தின் ஒரு புள்ளி மற்றப் பாதத்தின் அதே புள்ளியைவிட 2.2 செல்சியஸ் பாகைக்கு மேல் சூடாக இருந்தால் நடையைக் குறைத்து வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்ற விதியைக் கைக்கொண்டவர்களுக்குப் புண்கள் குறைந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதத்தைப் பாதத்தோடே ஒப்பிடுவதால் நம் ஊர் வெயில் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடாது. ஷூவைக் கழற்றிச் சற்று நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் போதும்.

ஆனால் கருவியினால் மட்டும் கால் பிழைத்துவிடாது என்பதற்கும் பிராண்டின் அனுபவமே சாட்சி. உணர்விழந்த கைகளுக்கும் கால்களுக்கும் செயற்கையாக ஒரு வலியைப் படைத்துக் கொடுத்துவிடலாம் என்று எண்ணி, பெரும் பொருட்செலவில், கையுறையிலும் காலணியிலும் உணரிகளைப் பதித்து, அழுத்தம் மீறினால் ஒலி எழுப்பும் சாதனங்களை அவர் கார்வில்லில் அமைத்துப் பார்த்தார். ஒலி எழும்பிற்று; கேட்டவர்கள் வேலையை நிறுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். வேலை முடிகிறவரையில் அதை அணைத்துவைத்துவிட்டு, பிறகு இயக்கிக்கொண்டார்கள். உண்மையான வலி மனிதனிடம் அனுமதி கேட்பதில்லை. எண்ணோ கேட்டுக்கொண்டேதான் நிற்கிறது. ஆகவே எண்ணைப் பார்த்ததும் எழுந்து செயற்படுகிற இன்னொரு மனிதர் வேண்டும்: ஒரு செவிலியர், ஒரு மேஸ்திரி, வீட்டில் ஒரு மகள்.

அந்த மனிதர்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் இந்தியாவின் முதல் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவரும், 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை கண்டவருமான டாக்டர் எம். விசுவநாதனின் பரம்பரை, காட்டுப்பள்ளிக்குத் தெற்கே அதே கடலோரத்தில் இன்றும் பாத ஆராய்ச்சியை நடத்திவருகிறது, எம்.சி.ஆர். முதலான உள்தகடுகள் புண் திரும்ப வருவதைக் குறைக்கின்றன என்று அங்கிருந்து 2004-இல் ஆய்வு வெளிவந்தது. தமிழக அரசும் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தின் மூலம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தையும் வகுத்திருக்கிறது.

எஞ்சியிருப்பது ஆலை வாசலுக்கும் மருத்துவமனைக்கும் நடுவிலுள்ள தூரம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து, மீஞ்சூருக்கோ பொன்னேரிக்கோ பஸ் ஏறிப் போய், வலிக்காத காலைக் காட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. காட்டுப்பள்ளியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலை நடத்துகிறவர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இது: ஆண்டுதோறும் நடக்கும் உடற்பரிசோதனையில் இரத்தம் எடுத்து, பிரஷர் பார்த்து, கண்ணையும் காதையும் சோதித்து முடித்தபின், சர்க்கரை உள்ளவரை உட்கார வைத்து, ஷூவையும் காலுறையையும் கழற்றச் சொல்லுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சொல்லுங்கள். ஒரு நைலான் இழையும், ஓர் அதிர்வுமானியும், ஒரு வெப்பமானியும், கால் மணி நேரமும் போதும். கிடைத்த எண்களை அவர் கையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலிருப்பவர்கள் இன்று இரவே அவருடைய விரலிடுக்குகளை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நாளைக் காலையில் அவர் ஷூவுக்குள் காலை விடுமுன் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.