சூளையும் சாஸ்திரமும்

கடலூர் ஜில்லாவில் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போனது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது வெளிப்படும் வெள்ளைக் களிமண் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து, அகல் விளக்காகவும் பொம்மையாகவும் மின்சாரக் கம்பிக்குரிய பீங்கானாகவும் வெளியேறுகிறது. அத்தொழிலைக் கற்பிக்கச் சர்க்கார் அங்கே ஒரு கலாசாலையும் நடத்தி வருகின்றனர். தொழிற் கல்வி வேண்டாமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. களிமண்ணைப் பிசையக் கற்றுக்கொண்ட வாலிபனுக்குத் தான் நிற்கும் மண்ணின் சரித்திரத்தையும், மனிதன் ஏன் வாழ்கிறான் என்ற விசாரத்தையும் கற்றுக்கொடுப்பவர் யார் என்பதே நமது கேள்வி. ஸ்ரீமுஷ்ணத்தை முன்னிட்டு அக்கேள்வியை இன்று எழுப்புகிறோம்.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் பிறந்த ஏற்பாடு. இல்லினாய்ஸ் மாகாணத்து ஜோலியட் நகரில் 1901ஆம் வருஷம் 6 மாணவர்களைக் கொண்டு தொடங்கியதே இவ்வகையில் முதலாவது. அங்கே தொழிலாளியின் மகன் தன் ஊரிலேயே குறைந்த சம்பளத்தில் இரண்டு வருஷம் சரித்திரம், தத்துவம், கணிதம் முதலியவற்றைப் படித்து, பிறகு சர்வகலாசாலையின் மூன்றாம் வருஷத்தில் சேரலாம். நம் தேசத்தில் புதுச்சேரிச் சர்வகலாசாலை 1995இல் இதைத் தொடங்கிற்று. அடுத்து சென்னையில் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அவர்களின் முயற்சியால் இவ்வியக்கம் பரவிற்று. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப் பயிற்சி ஆகியவற்றை அளித்து வேலைக்கு அனுப்பிய புண்ணியம் அவ்வியக்கத்துக்கு உண்டு. அதைக் குறைத்துப் பேசுவோர் நன்றி கெட்டவர்.

ஆயினும் கடல் கடந்து வந்தபோது அந்த ஏற்பாட்டின் ஒரு கை ஒடிந்துபோயிற்று. அமெரிக்காவில் தொழிலும் சாஸ்திரமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இங்கே பெரும்பாலும் தொழில் மட்டுமே வந்து இறங்கிற்று. சர்வகலாசாலை மானியக் குழுவினர் 2013இல் சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒரு திட்டம் கொணர்ந்து, பின்னர் வகுத்த விதிகளில் 100க்கு 60 பங்கு தொழிலுக்கும் 40 பங்கு பொதுக் கல்விக்கும் ஒதுக்கினர். நல்ல விதியே. அந்த 40 பங்கில் ஆங்கிலப் பேச்சுப் பழக்கமும் கம்ப்யூட்டர் பழக்கமும் புகுந்துகொண்டால் சரித்திரத்துக்கு ஏது இடம்? விதியில் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போவார் இல்லை.

“வயிறு காய்கிறவனுக்குத் தத்துவ சாஸ்திரமா?” என்று நம் அன்பர் சிலர் நகைப்பர். வயிறு நிறைந்தவனுக்கு மட்டுமே சிந்தனை உரியது என்ற கொள்கை அந்நகைப்பினுள் ஒளிந்திருப்பதை அவர்கள் உணர்வதில்லை போலும். டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததற்கு ஆதியில் காரணமாயிருந்தது அவர் வீட்டு வறுமை. பரீக்ஷை தேறிய உறவினர் ஒருவரின் பழைய புஸ்தகங்கள் காசில்லாமல் கிடைத்தன. அவை தத்துவ புஸ்தகங்களாயிருந்தன. அந்தப் பழைய புஸ்தகங்கள் தேசத்துக்கு என்ன விளைவித்தன என்பதை யாவரும் அறிவர்.

டென்மார்க்கு தேசத்தின் கதையும் கேட்கத் தக்கது. 1864ஆம் வருஷத்து யுத்தத்தில் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பிரதேசங்களை இழந்த அத்தேசத்தார் பட்டாளத்தை மட்டும் நம்பவில்லை. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் உபதேசப்படி 1844இல் ரோடிங் கிராமத்தில் தொடங்கிய ஜனக் கலாசாலையைப்போல் ஊர்தோறும் எழுப்பினர். உழவர் மக்கள் குளிர்கால மாதங்களில் வந்து தங்கித் தங்கள் தேச சரித்திரத்தையும் தாய்மொழியையும் கற்றனர். பரீக்ஷை கிடையாது, பட்டம் கிடையாது. பிற்காலத்தில் பால்பண்ணைக் கூட்டுறவை நடத்தி உலகத்தையே வியக்க வைத்தவர்களில் அப்பள்ளிகளில் பயின்ற உழவர் பலர். சரித்திரம் படித்தவனுக்கு வெண்ணெய் எடுக்கத் தெரியாது என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

நிற்க. ஸ்ரீமுஷ்ணத்துக்கு வருவோம். பூவராகப் பெருமாள் கோயில் கொண்ட இச்சிற்றூரைச் சுற்றிலும் ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் கிடக்கும் சாஸ்திரச் செல்வத்தை எண்ணிப் பாருங்கள். கிழக்கே காட்டுமன்னார்கோயில்: நாதமுனிகளும் அவர் பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர், விசிஷ்டாத்வைதத்துக்கு வித்திட்ட ஊர். மேற்கே பெண்ணாகடம்: சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் சைவ சித்தாந்தம் முழுவதையும் அடக்கிய மெய்கண்டாரின் பிறந்தகம். வடக்கே வடலூர்: வள்ளலார் 1872இல் சத்திய ஞானசபை கண்ட இடம். மூன்று தர்சனங்கள் பிறந்து வளர்ந்த மண்ணில் தத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ மூட்டை கட்ட வேண்டுமாம்! இதென்ன விந்தை!

அந்தச் சாஸ்திரங்களும் குயவனுக்கு அந்நியமானவை அல்ல. முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்று நம் தத்துவ நூலோர் பிரித்துக் காட்டும்போதெல்லாம் மண், திரிகை, குயவன் என்ற மூன்றையே உதாரணம் காட்டினர். உலகம் உண்டாவதற்கு ஒரு கர்த்தா வேண்டுமா, வேண்டாமா என்ற பெரிய வழக்கு ஒரு மண்குடத்தை நடுவில் வைத்தே பல நூற்றாண்டு நடந்திருக்கிறது. விருத்தாசலத்துச் சூளையில் வேலை செய்யும் வாலிபனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பட்டணத்து மாணவன் உருப்போட்டு ஒப்பிப்பதை அவன் தன் விரல் நுனியால் அறிவான். உதாரணத்தின் குறைகளைக்கூட எடுத்துக்காட்டுவான்.

இனிச் சரித்திரம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானோரின் நிலங்களைப் பற்றியது அது. அதைக் கொண்டு நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஒரே கல்; இரண்டு தீர்ப்பு. சாட்சியத்தை எடைபோடுவது எப்படி என்று கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் வேறெங்கே கிடைக்கும்? நம் வாலிபர்கள் இக்கொலையைக் கல்கியின் நாவலிலும் அண்மையில் வந்த சினிமாவிலும் அறிந்திருக்கிறார்கள். தங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுவரில் அதற்குச் சாட்சி நிற்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

அறியாமையின் விலை என்ன என்பதற்கு விருத்தாசலமே சாட்சி. விருத்தகிரீசுவரர் ஆலயத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போய், 2004இல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தாரால் விலைக்கு வாங்கப்பட்டது. அது நம்முடையதே என்று நிரூபித்தது எது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1974இல் எடுத்து வைத்திருந்த ஒரு புகைப்படம்! 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பிற்று. பிரெஞ்சு நிலையத்தாருக்கு நன்றி சொல்வோம். அதோடு, அந்தப் படத்தை எடுத்து வைத்திருக்க வேண்டியவர்கள் நாமல்லவா என்று வெட்கமும் படுவோம். தன் ஊர்க் கோயிலின் ஒவ்வொரு மூர்த்தத்தையும் அளந்து, எழுதி, படமெடுத்து வைக்கும் வேலையை ஒரு சமுதாயக் கல்லூரியின் சரித்திர வகுப்பு ஒரே வருஷத்தில் செய்து முடிக்கலாம்.

“பழங்காலத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்பார்க்கு எண்ணாயிரத்துக் கல்வெட்டு பதில் சொல்லும். அவ்வூரும் பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அவ்வூர்ச் சபையார் நடத்திய கலாசாலையில் 340 மாணவர், 14 ஆசிரியர். அவர்களில் 270 பேர் இளையர். 70 பேர் மேற்படிப்பினர். அவருள் வேதாந்தம் படித்தோர் 10 பேர். 45 வேலி நிலம் இதற்கு விடப்பட்டிருந்தது. மாணவனுக்குச் சம்பளம் இல்லாததோடு தினந்தோறும் நெல்லும் அளந்தார்கள். இதைச் சொல்லிப் பெருமை பேசுவோர் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே ஓதியது வேதமும் அதன் அங்கங்களும், உழவனுக்கும் குயவனுக்கும் அதன் வாசல் திறக்கவில்லை. நாம் கேட்பது அந்தப் பழைய கலாசாலையின் தானிய அளவை. அதன் வாசற்படியை அல்ல.

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அங்கே தர்கா முஸ்லிம் சகோதரர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கின்றனர். இது எப்போது, எதனால் தொடங்கிற்று, எந்த நிலம் யார் கொடுத்தது என்பது பற்றி வழியெங்கும் ஒவ்வொரு கிழவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வர். சாசனங்களைத் தேடி, கிழவர்களின் வாய்மொழியைக் குறித்து, இரண்டையும் ஒத்துப் பார்க்கும் வேலைக்கு டாக்டர் பட்டம் வேண்டாம்; பயிற்சி பெற்ற இருபது வாலிபர் போதும்.

வேண்டுவது அதிகமில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் மாலையில் சும்மா கிடக்கிறது. பென்ஷன் பெற்ற உபாத்தியாயர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அண்ணாமலைச் சர்வகலாசாலை சிதம்பரத்தில் 1929 முதல் நடக்கிறது. வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரை அனுப்புவது அதற்குப் பெரிய காரியமன்று. விருத்தாசலத்துப் பீங்கான் கலாசாலை மாணவரும் ஸ்ரீமுஷ்ணத்து முந்திரித் தோப்புக் கூலியாளரும் அந்த வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரலாம். இங்கே தேறிய பாடங்களுக்கு அந்தச் சர்வகலாசாலை மதிப்பெண் கொடுத்து மேல்வகுப்பில் சேர்க்க இசைய வேண்டும். ஜோலியட் நகரத்து ஏற்பாட்டில் நாம் பாதி வழியில் தவறவிட்டது அதுவே. அடுத்த மாசி மகத்துக்குள் ஊர்ப் பெரியோர் கூடி, ஆசிரியர் யார், இடம் எது என்று முடிவு செய்து சர்வகலாசாலைத் துணைவேந்தருக்கு ஒரு மகஜர் அனுப்புவார்களா?