இலண்டன் தமிழ்ப் பள்ளிகளும் கல்வித் தொழில்நுட்பமும்: ஆசிரியர்க்கான ஆதரவின் தேவையும் வடிவமும்

முன்னுரை

பள்ளிகளில் தொழில்நுட்பம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகின்றன. எத்தனை கணினிகள், எத்தனை பலகைகள், எத்தனை செயலிகள் என்பன எளிதில் கணக்கிடத்தக்கவை. அவற்றைக் கையாளும் ஆசிரியர்க்குக் கிடைத்த ஆதரவு அவ்வாறு கணக்கிடத்தக்கதன்று. ஆயினும் விளைவைத் தீர்மானிப்பது அதுவே. இலண்டன் மாநகரப் பள்ளிகளின் நாற்பதாண்டுப் பட்டறிவு இதற்குச் சான்று பகர்கிறது. அப்பட்டறிவைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதே நகரில் இயங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலண்டன் பள்ளிகளின் பட்டறிவு

பிரித்தானியப் பள்ளிகளுக்குள் கணினி பரவலாக நுழைந்தது 1980களின் தொடக்கத்தில் ஆகும். 1980 முதல் 1986 வரை இயங்கிய நுண்மின்னணுக் கல்வித் திட்டமும், 1981இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ கணினியும் அதற்கு வழிவகுத்தன. அக்காலத்தில் உள் இலண்டன் கல்வி ஆணையம் ஆசிரியர் மையங்களையும், கல்விக் கணினிப் பணிக்கெனத் தனி மையம் ஒன்றையும் நடத்தி வந்தது. 1970களில் இலண்டன் கணித ஆசிரியர்கள் தாமே கூடி உருவாக்கிய ‘ஸ்மைல்’ என்னும் கணிதப் பாடத்திட்டம் பின்னர்ப் பி.பி.சி. மைக்ரோவுக்கான சிறு நிரல்களாகவும் வடிவெடுத்தது. அந்நிரல்கள் எளியவை, ஆனால் வகுப்பறையில் எழுந்த வினாக்களிலிருந்து பிறந்தவை. கருவி வருவதற்கு முன்பே ஆசிரியர்கள் கூடிப் பேசவும் பாடப்பொருள் ஆக்கவும் ஓர் இடம் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. 1990இல் அவ்வாணையம் கலைக்கப்பட்டதோடு அந்த ஆதரவுக் கட்டமைப்பும் சிதறியது.

அடுத்த கட்டம் பெருந்தொகைகளின் காலம். 1998இல் கல்வித் தொழில்நுட்பத்திற்கென ‘பெக்டா’ என்னும் அரசு சார் நிறுவனம் உருவாக்கப்பட்டது. 1999 தொடங்கிச் சில ஆண்டுகளில், ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிக்கத் தேசியப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து 23 கோடிப் பவுண்டு ஒதுக்கப்பட்டது. தொகை பெரிதாயினும் பயன் சீராக அமையவில்லை. பயிற்சி பெரும்பாலும் ஆசிரியரின் ஓய்வு நேரத்திலும், அவர் கற்பிக்கும் பாடத்தோடு தொடர்பின்றியும் நடைபெற்றதாகக் குறைகள் எழுந்தன.

இதனினும் தெளிவான சான்று, 2003இல் தொடங்கிய ‘இலண்டன் அறைகூவல்’ திட்டத்தின் ஒரு பகுதியாக இலண்டன் இடைநிலைப் பள்ளிகளுக்கு ஊடாடு வெண்பலகைகள் வழங்கப்பட்டமையாகும். இதனை மதிப்பிட்ட இலண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தின் ஆய்வுக்குழு, ஜெம்மா மாஸ் தலைமையில் 2007இல் அறிக்கை வெளியிட்டது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில், பலகைகள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதலாண்டில் மாணவர் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்பது அதன் முடிவு. மேலும், கற்றலில் பின்தங்கிய பிரிவுகளில் மாணவர் ஒவ்வொருவராக எழுந்து வந்து பலகையைத் தொடுவதால் வகுப்பின் ஓட்டம் தளர்வதும் கண்டறியப்பட்டது. வேறு சில வகுப்புகளில் ஆசிரியரே முன்னின்று பேசும் பழைய முறையைப் புதிய பலகை மேலும் வலுப்படுத்தியது.

இக்கண்டறிதல் தொழில்நுட்பத்தைப் பழிப்பதன்று. கற்பித்தல் முறை மாறாதவிடத்துக் கருவி மட்டும் மாறுவதால் கற்றல் மாறுவதில்லை என்பதே அதன் பொருள். அதே கல்வியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் டயானா லாரிலார்ட் 2012இல் வெளியிட்ட நூலில், கற்பித்தலை ஒரு வடிவமைப்பு அறிவியலாகக் காண வேண்டும் என வாதிட்டார். ஆசிரியர் தாம் வகுத்த பாட வடிவைப் பிற ஆசிரியர் எடுத்து, சோதித்து, திருத்தி, மீண்டும் பகிர வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். ‘ஸ்மைல்’ ஆசிரியர்கள் நடைமுறையில் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

2. ஆதரவு எல்லைக்கு வெளியே நின்ற தமிழாசிரியர்கள்

இத்திட்டங்கள் அனைத்தும் முறைசார் பள்ளிகளுக்கு உரியவை. இலண்டன் தமிழ்ச் சங்கம் 1936ஆம் ஆண்டிலேயே தோன்றியதாயினும், குழந்தைகளுக்கான வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே உருப்பெற்றன. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரின் தொகை பெருகியபோது அவையும் பெருகின. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 1,01,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இலண்டனில் வாழ்பவர்கள்.

இப்பள்ளிகள் அரசின் கல்வி ஆதரவுக்கு வெளியே நின்றமைக்கு ஒரு கொள்கைக் காரணம் உண்டு. சிறுபான்மையினர் கல்வி பற்றி 1985இல் வெளிவந்த சுவான் குழு அறிக்கை, தாய்மொழியைப் பேணும் பொறுப்பு அவ்வச் சமூகங்களுக்கே உரியது என்றும், அது முறைசார் பள்ளிகளின் பணியன்று என்றும் கருதியது. அதன்பின் வந்த கணினிப் பயிற்சியும் நிதியும் தொழில்நுட்ப உதவியாளரும் முறைசார் பள்ளியின் வாயிலோடு நின்றுவிட்டமை இக்கொள்கையின் இயல்பான தொடர்ச்சியே.

விதிவிலக்காக ஒரு வாய்ப்பு அமைந்தது. 2005 முதல் நடைமுறைக்கு வந்த ‘அசெட் லாங்குவேஜஸ்’ என்னும் படிநிலை மொழித் தேர்வுத் திட்டத்தின் 25 மொழிகளுள் தமிழும் இடம்பெற்றது. கேட்டல், பேசல், படித்தல், எழுதல் ஆகிய நான்கு திறன்களுக்கும் தனித்தனியே சான்று பெற இயன்றமையால், பேச்சில் வல்ல குழந்தைக்கும் எழுத்தில் வல்ல குழந்தைக்கும் அவரவர்க்குரிய ஏற்பு கிட்டியது. அடுத்த பத்தாண்டின் முற்பகுதியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு தேர்வு மறையும்போது அதனைச் சார்ந்து ஆக்கப்பட்ட பயிற்சித்தாள்களும், அதற்கெனப் பயின்ற ஆசிரியர்களின் உழைப்பும் பயனிழக்கின்றன.

காலத்தின் கணக்கையும் இங்கு நோக்க வேண்டும். வாரத்திற்கு இரண்டு மணி நேர வகுப்பு, ஆண்டுக்கு 38 வாரங்கள் எனக் கொண்டால், ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஆண்டில் 76 மணி நேரம். முறைசார் பள்ளியில் அதே குழந்தை ஏறத்தாழ மூன்று வாரங்களில் செலவிடும் நேரம் அது. ஒவ்வொரு வகுப்பிலும் கருவியை இயக்கி, இணைப்பைப் பெற்று, கடவுச்சொல்லைத் தேடுவதில் பத்து நிமிடங்கள் கழியுமாயின், ஆண்டில் ஆறு மணி நேரத்திற்கு மேல், அதாவது மூன்று வார வகுப்புகள், வீணாகின்றன. வாடகைக்குப் பெற்ற கட்டடத்தில் சுவரிலுள்ள வெண்பலகை பெரும்பாலும் அப்பள்ளியின் வலையமைப்புக்குள் பூட்டப்பட்டிருப்பதால், தமிழாசிரியர் பலர்க்கு அது வெறும் திரையாகவே நிற்கிறது.

3. தமிழுக்கே உரிய மூன்று சிக்கல்கள்

முதலாவது, எழுத்துருச் சிக்கல். புலம்பெயர் தமிழ்ப் பள்ளிகளின் பழைய பயிற்சித்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பாமினி சேமிக்கிறது; ஒருங்குறியோ ககர உயிர்மெய்யை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் சேமிக்கிறது. ஆகவே பழைய கோப்பைக் கைப்பேசியிலோ பலகைக் கணினியிலோ திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றும். அதில் சொல்லைத் தேடவும் இயலாது, கணினியை அதனைப் படித்துக் காட்டச் செய்யவும் இயலாது. மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; அவற்றைப் பற்றி ஆசிரியர்க்கு எடுத்துரைப்பார் இல்லாமையே குறை.

இரண்டாவது, உள்ளீட்டு முறை. இது தொழில்நுட்பத் தெரிவு போலத் தோன்றினும் உண்மையில் கற்பித்தல் தெரிவாகும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில், ககர விசையை அடுத்து ஒகர விசையை அழுத்தினால் ‘கொ’ தோன்றுகிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தைக் குழந்தையின் விரல்களே உணர்கின்றன. ஆங்கில ஒலிப்பு வழித் தட்டச்சில் இது நிகழ்வதில்லை. ‘பள்ளி’, ‘பல்லி’ ஆகிய இரு சொற்களையும் கைப்பேசியில் ஒரே உரோமன் எழுத்துக் கோவையால் தேட முடியும். திரை காட்டும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டால் போதும். ‘மனம்’, ‘மணம்’ ஆகியவற்றின் நிலையும் அதுவே. லகர ளகர வேறுபாட்டையும் னகர ணகர வேறுபாட்டையும் கற்பிக்க ஆசிரியர் முயலும் வேளையில், கருவி அவ்வேறுபாட்டை மறைத்து விடுகிறது. எனினும், தயங்கும் பதின்ம வயதினரை எழுதத் தூண்டுவதற்கு ஒலிப்பு முறை உதவுவதும் உண்மை. எவ்வகுப்பில் எம்முறை என்பதை ஆசிரியரே தீர்மானிக்க வேண்டும். அதற்கு இரண்டையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வழக்கு வேறுபாடு. இணையவழித் தமிழ்ப் பாடங்களுள் பெரும்பகுதி தமிழ்நாட்டில் ஆக்கப்பட்டது. 2001இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குவது, மழலைக் கல்வி முதல் பட்டம் வரை பாடங்களை உலகத் தமிழர்க்குத் திறந்து வைத்தது. அதன் பயன் பெரிது. ஆயினும் இலண்டன் குழந்தைகளுள் பலரின் வீட்டுத் தமிழ் ஈழத்து வழக்குடையது. வீட்டில் ‘கதிரை’, ‘சவர்க்காரம்’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை திரையில் ‘நாற்காலி’, ‘சோப்பு’ என்பனவற்றை எதிர்கொள்கிறது. பிறமொழிப் பெயர்களை எழுதுவதிலும் ‘ரொறன்ரோ’, ‘டொராண்டோ’ என இருவேறு மரபுகள் நிலவுகின்றன. இரண்டும் தமிழே என்று கூறும் ஆசிரியர் அருகில் இருந்தால் இது சொல்வளமாகும். செயலி ஒன்றே ஆசிரியராக அமைந்து, வீட்டுச் சொல்லைத் ‘தவறு’ எனச் சிவப்பு நிறத்தில் காட்டினால், குழந்தை தன் பாட்டியின் மொழியையே ஐயுறும்.

4. ஆதரவின் வடிவம்

மேற்கூறியவற்றிலிருந்து ஆதரவுக்கான நான்கு கூறுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, நேரம். தமிழாசிரியருள் பெரும்பாலோர் வாரநாள்களில் பிற பணி புரியும் தன்னார்வலர்கள். மேலும் ஒரு விடுமுறை நாளை அவர்களிடம் கேட்பது, 1999இல் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். பயிற்சியைப் பள்ளி நாட்காட்டிக்குள்ளேயே அமைத்து, அந்நேரத்தில் குழந்தைகளுக்குக் கலை நிகழ்ச்சியோ கதை நேரமோ வைப்பது இயலக்கூடியது.

இரண்டாவதாக, பாடத்தோடு இணைந்த பயிற்சி. ‘கணினியைக் கையாளுதல்’ எனப் பொதுவாகத் தொடங்காது, ‘வல்லின ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கப் பயிற்றுதல்’ எனப் பாடத்தின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பேசியில் குழந்தையின் வாசிப்பைப் பதிவு செய்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் பதிவு செய்து, இரண்டையும் அக்குழந்தைக்கே கேட்கக் கொடுப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ஜிம் ஆண்டர்சன், விக்கி மக்லராய் ஆகியோர் 2012 முதல் நடத்திய பன்மொழி எண்ணிமக் கதைசொல்லல் திட்டம் இவ்வகையில் வழிகாட்டத்தக்கது. முறைசார் பள்ளி மாணவரும் சமூக மொழிப்பள்ளி மாணவரும் தம் மொழியில் சிறு படங்களை ஆக்கி, உண்மையான பார்வையாளர் முன் வைத்தனர். அங்குத் தொழில்நுட்பம் விடையைச் சரிபார்க்கும் கருவியாக அன்றி, சொல்லுவதற்கு ஒரு காரணமாக அமைந்தது.

மூன்றாவதாக, பொதுக் களஞ்சியம். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே ஆக்கும் பாடப்பொருள்கள் ஒருங்குறியில், திருத்தத்தக்க வடிவில், பிறர் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தோடு ஓரிடத்தில் சேர வேண்டும். ஒலிப்பதிவுகளில் ஈழத்துக் குரலும் தமிழ்நாட்டுக் குரலும் இடம்பெற வேண்டும். பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மீளாய்வு 2005இலேயே வலியுறுத்தியது. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாதலால் அரசே ஆசிரியரைப் பயிற்றுவித்துப் பாடப்பொருளும் வழங்குகிறது. இலண்டனில் அவ்வமைப்பு இல்லை. ஆகவே பள்ளிகளின் கூட்டுறவே அவ்விடத்தை நிரப்ப வேண்டும்.

நான்காவதாக, பாதுகாப்பு. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதலின் அடிப்படையில் இயங்கும் இணையச் சேவைகளுக்குத் தாமே ஒப்புதல் அளிக்கத்தக்க வயது 13. தமிழ்ப் பள்ளி மாணவருள் மிகப் பலர் அவ்வயதிற்கும் குறைந்தவர்கள். குழந்தையின் குரலும் படமும் பெயரும் எங்குச் சேமிக்கப்படுகின்றன என்பதை அறியாமல் ஒரு செயலியை வகுப்பில் புகுத்துவது தகாது. பல பள்ளிகளுக்குப் பொதுவாக, இத்தகைய வினாக்களை ஆராய்ந்து சொல்லும் ஒருவர் இருந்தாலே ஆசிரியரின் சுமை பெரிதும் குறையும்.

முடிவுரை

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே மாத காலத்தில், ஏப்ரல் 20 அன்று, ஆசிரியர்களே பாடம் நடத்தும் ‘ஓக் நேஷனல் அகாடமி’ இணையவழி இயங்கத் தொடங்கியது. தமிழ் வகுப்புகளும் திரைக்கு இடம்பெயர்ந்தன; வீட்டு மேசையில் கைப்பேசியை நிறுத்தி வைத்துத் தமிழ் கற்பித்த தன்னார்வ ஆசிரியர்கள் தம்மால் இயலும் என்பதை மெய்ப்பித்தனர். இரு சாராருக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஆர்வத்தில் அன்று, பின்னிருந்த ஆதரவில்தான்.

ஆண்டில் 76 மணி நேரத்திற்குள் ஒரு மொழியை மூன்றாம் தலைமுறைக்குக் கையளிக்க வேண்டிய பணி இவ்வாசிரியர்களுடையது. அந்நேரத்தில் ஒரு பகுதியைக் கருவி விழுங்குமா, அன்றி வீட்டிலும் அந்நேரம் நீள அது துணைபுரியுமா என்பது, கருவியை வாங்கும் முன் ஆசிரியரிடம் அவர் தேவையைக் கேட்டோமா என்பதைப் பொறுத்தது. தமிழ்க் கல்விக்கென நிதி திரட்டும் அமைப்புகள் தம் செலவுத் திட்டத்தில் கருவிக்கு ஒதுக்கும் தொகைக்கு நிகராக ஆசிரியரின் நேரத்திற்கும், பாடப்பொருள் ஆக்கத்திற்கும், களஞ்சியப் பராமரிப்பிற்கும் ஒதுக்குதல் வேண்டும். இலண்டனின் நாற்பதாண்டுப் பட்டறிவு உணர்த்தும் பாடம் இதுவே.