மொட்டைமாடியில் ஒரு வகுப்பு

கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு உண்டு. கான்வென்ட் என்றால் ஒழுங்கும் நல்ல இங்கிலீஷும் என்று மெச்சுவது ஒன்று. எல்லாம் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே என்று முணுமுணுப்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சைக் காதில் போட்டுக்கொண்டவர் சிஸ்டர் சிரில் மூனி. 1936-ல் அயர்லாந்தில் பிறந்து, 1956-ல் லொரேட்டோ சபை மூலம் இந்தியா வந்தவர். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979-ல் கொல்கத்தாவின் சியால்தா லொரேட்டோ பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். அதே சபையில் ஆசிரியையாக இருந்த அன்னை தெரசா 1948-ல் மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளிடம் போனார். சிரில் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தெருவைப் பள்ளிக்குள் அழைத்தார். இப்படிப்பட்டவர்களைத் தியாகம், சேவை என்ற இரண்டு சொற்களில் அடக்கி மாலை போட்டுவிடுவது நம் வழக்கம். அவருடைய சாதனையில் கருணையைவிட நிர்வாகத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பேன்.

அதற்குச் சான்று அவர் போட்ட கால அட்டவணை. சியால்தா நாட்டின் நெரிசலான ரயில் நிலையங்களில் ஒன்று. அதன் நடைமேடைகளிலும் சுற்றுத் தெருக்களிலும் குழந்தைகள் வளர்ந்தார்கள். 1985-ல் தொடங்கிய ‘ரெயின்போ’ திட்டம் அவர்களைப் பள்ளியின் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தது. குப்பை பொறுக்கும் சிறுமியிடம் காலை ஒன்பது மணிக்கு வா என்று சொல்லிப் பயனில்லை. பிழைப்பு எப்போது விடுகிறதோ அப்போதுதான் அவள் வர முடியும். ஆகவே, ஐந்தாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகள்வரை, ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் சில பீரியடுகள் ‘வேலைக் கல்வி’ என ஒதுக்கப்பட்டன. அந்த நேரத்தில் அந்த வகுப்பு மாணவிகள் மாடிக்குப் போவார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு மாணவி என்று எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வகுப்பு இறங்கினால் அடுத்த வகுப்பு ஏறும். பள்ளி நேரத்தில் அந்தச் சிறுமி எப்போது வந்தாலும் அவளுக்கென்று ஒரு டீச்சர் இருப்பாள், அந்த டீச்சருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தாலும். தயாரான குழந்தைகள் முறையான பள்ளி வகுப்புகளில் சேர்க்கப்பட்டார்கள். இரவில் போக்கிடம் இல்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். இதற்காகப் புதுக் கட்டடமோ புது ஆசிரியர் பட்டாளமோ தேவைப்படவில்லை.

கட்டணம் கட்டிய பெற்றோருக்கு இது அநியாயமில்லையா, அவர்கள் பிள்ளையின் படிப்பு நேரத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானதே. எண்களைப் பாருங்கள். 1979-ல் 790 மாணவிகள்; அவர்களில் 90 பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 1990-களின் இறுதியில் 1,400 பேர். அவர்களில் சரிபாதி, 700 பேர் ஏழைகள். மற்றவர்கள் அன்றும் 700, பின்னாளிலும் 700. வந்தவர்களுக்காக யாரும் வெளியே தள்ளப்படவில்லை. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடிவிடவும் இல்லை. கல்வித் தரம் உயர்ந்தது என்பதற்கு இது ஆதாரமாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழைகள் வந்தால் பள்ளி காலியாகிவிடும் என்ற பயத்துக்கு இது போதுமான பதில். தவிர, பின்னக் கணக்கு புரியாத குழந்தைக்கு அதை நாலு விதமாகச் சொல்லிப் பார்க்கும் மாணவிக்கு அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்குமா? 1994-ல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசும் இந்தப் பள்ளிக்குக் கிடைத்தது.

இதெல்லாம் அரசின் வேலை, தொண்டர்கள் தலையில் போட்டால் அரசு கையைக் கழுவிவிடும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். கொள்கையளவில் மறுக்க முடியாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே சியால்தா பள்ளி 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அரசு பின்னால் வந்ததே தவிர, விலகிப் போகவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2014-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவச் சபைகளின் பள்ளிகள் உள்ளிட்ட சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்தது. சட்டம் தொடாத அந்தப் பள்ளிகள் எத்தனை இன்று தங்கள் மொட்டைமாடியைத் திறந்துவைத்திருக்கின்றன என்று சபைகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு தனி மனுஷியின் பிடிவாதத்தால் நடந்தது, அவர் போனால் எல்லாம் போய்விடும் என்பாரும் உண்டு. இங்கேதான் நிர்வாகம் என்று நான் சொன்னது கைகொடுக்கிறது. பிடிவாதத்தை நகலெடுக்க முடியாது, அட்டவணையை எடுக்கலாம். ரெயின்போ பாணி இல்லங்கள் டெல்லி, ஹைதராபாத், சென்னை எனப் பிற நகரங்களுக்கும் பரவின. சேரி இளைஞர்களுக்கே ஆசிரியப் பயிற்சி தரும் திட்டத்தையும் அவர் உருவாக்கினார். கொல்கத்தாவைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்கு மழை ஓய்ந்ததும் குடும்பங்கள் வந்து, அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பிவிடும். அங்கேயும் வகுப்புகள் நடந்தன. 2007-ல் பத்மஸ்ரீ பெற்ற சிரில், 2011-ல் தலைமைப் பொறுப்பை விட்டார். 2023 ஜூனில் கொல்கத்தாவிலேயே காலமானார்.