வீட்டில் கட்டப்படும் வானூர்தி

வீட்டில் கட்டப்படும் வானூர்தி என்பது தொழிற்சாலையில் அல்லாமல், தனி ஒருவராலோ சிறு குழுவினராலோ தம் இல்லத்திலோ, கொட்டகையிலோ, பட்டறையிலோ கட்டி முடிக்கப்படும் இலகு வானூர்தி ஆகும். இது பெரும்பாலும் கல்வி, பொழுதுபோக்கு ஆகிய நோக்கங்களுக்காகவே கட்டப்படுகிறது. ஒன்று அல்லது இரண்டு இருக்கைகள் கொண்டவையே மிகுதி எனினும், நான்கு, ஆறு இருக்கைகள் கொண்டவையும் உண்டு. தமிழ்நாட்டு வான்பறப்பு வரலாறு இத்தகைய ஒரு வானூர்தியுடனேயே தொடங்குகிறது.

வகைகள்

கட்டப்படும் முறையைப் பொறுத்து இவ்வானூர்திகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

* சொந்த வடிவமைப்பு: வடிவமைப்பு, கணக்கீடு, கட்டுமானம் அனைத்தையும் கட்டுபவரே செய்வது. இதுவே மிகக் கடினமானது.
* வரைபடத்திலிருந்து கட்டுவது: வேறொருவர் வடிவமைத்துச் சோதித்த வானூர்தியின் வரைபடங்களை வாங்கி, மரம், உலோகம், துணி முதலிய மூலப்பொருட்களைத் தாமே திரட்டிக் கட்டுவது.
* தொகுதியிலிருந்து (கிட்) கட்டுவது: வெட்டி, வளைத்து, துளையிடப்பட்ட பாகங்களை ஒரு நிறுவனத்திடமிருந்து பெட்டிகளில் பெற்று, கையேட்டின்படி பொருத்துவது. பொறி, சுழல்விசிறி, கருவிகள், வண்ணப்பூச்சு ஆகியவை பொதுவாகத் தனியே வாங்கப்படுகின்றன.

இன்று கட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

வரலாறு

1903 இல் முதல் வானூர்தியைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். அவ்வகையில் தொடக்ககால வானூர்திகள் எல்லாமே வீட்டுப் பட்டறையில் பிறந்தவை எனலாம். பிரேசில் நாட்டைச் சேர்ந்த சாண்டோஸ் டுமோன் தமது டெமொய்செல் என்னும் சிறு வானூர்திக்குக் காப்புரிமை கோராமல், அதனை எவரும் கட்டிக்கொள்ளலாம் என விட்டுவிட்டார். அதன் வரைபடங்கள் 1910 இல் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழில் வெளியாயின.

1930களில் பிரான்சைச் சேர்ந்த ஆன்றி மினியே என்பவர் "பூ-து-சியெல்" (வானத்துப் பேன்) என்னும் சிறு வானூர்தியை வடிவமைத்து, அதனைக் கட்டும் முறையை 1934 இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவெங்கும் பலர் அதனைக் கட்டத் தொடங்கினர். ஆனால் தொடர்ந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. முழு அளவு வானூர்தியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, முன்னும் பின்னுமாக அமைந்த இரு இறக்கைகளும் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றொன்று பாதிப்பதும், மூக்கு ஓரளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டால் வானோட்டியால் அதனை மீட்க இயலாததும் தெரியவந்தன. பிழை கட்டியவர்களின் கைவேலையில் அன்றி வடிவமைப்பிலேயே இருந்தது. பின்னர் மினியே வடிவமைப்பைத் திருத்தினார். எனினும் அமெச்சூர் வானூர்திகளுக்குத் தனி மேற்பார்வை தேவை என்பதை இந்நிகழ்வு அரசுகளுக்கு உணர்த்தியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பொழுதுபோக்கு மீண்டும் வளர்ந்தது. 1953 இல் பால் போபரெசினி என்பவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சோதனை வானூர்திச் சங்கத்தை நிறுவினார். இச்சங்கத்தின் ஆண்டு விழா 1970 முதல் ஓஷ்கோஷ் நகரில் நடைபெற்று வருகிறது. 1970களில் பர்ட் ரூட்டான் என்னும் பொறியாளர், நுரைக் கட்டிகளைச் சூடான கம்பியால் வெட்டி, அவற்றின் மீது கண்ணாடி இழையையும் எப்பாக்சிப் பிசினையும் படியவைத்து, அச்சு ஏதுமின்றி இறக்கை செய்யும் முறையைப் பரப்பினார். அவருடைய வாரிஈசி, லாங்-ஈசி வானூர்திகளின் வரைபடங்கள் உலகெங்கும் விற்பனையாயின. ஏறத்தாழ இதே காலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் நிறுவிய வான்ஸ் நிறுவனம், அலுமினியத் தகடுகளால் ஆன ஆர்வி வகை வானூர்தித் தொகுதிகளை விற்கத் தொடங்கியது. 2023 இறுதிக்குள் 11,000க்கும் மேற்பட்ட ஆர்வி வானூர்திகள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருந்தன.

கட்டுமானம்

பொருட்கள்

நால்வகைக் கட்டுமானங்கள் வழக்கில் உள்ளன. மரச்சட்டமும் துணிப்போர்வையும் கொண்டவை பழைமையானவை. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த உடற்பகுதியின் மீது பாலியெஸ்டர் துணியை ஒட்டிச் சூட்டினால் இறுகச்செய்வது இரண்டாவது முறை. அலுமினியத் தகடுகளை ரிவிட்டு அடித்து இணைப்பது மூன்றாவது. கண்ணாடி அல்லது கரிம இழைகளைப் பிசினுடன் சேர்த்துச் செய்யும் கலப்புப்பொருட் கட்டுமானம் நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனித் திறன் தேவை. பற்றவைப்பில் தேர்ந்த ஒருவர் எஃகுக் குழாயையும், தச்சு அறிந்தவர் மரத்தையும் தெரிவு செய்வது இயல்பு.

படிமுறை

அலுமினியத் தொகுதிகளில் பணி பெரும்பாலும் வாற்பகுதியிலிருந்தே தொடங்குகிறது. கிடைநிலைச் சமன்படுத்தி, நிலைக்குத்துச் சமன்படுத்தி, உயர்த்தி, சுக்கான் ஆகியவை அளவிற் சிறியவை. அவற்றில் ஒரு தகடு பாழானால் மாற்றுத் தகடு வாங்கும் செலவு குறைவு. கைப்பழக்கம் வந்தபின் இறக்கைகளும், அடுத்து உடற்பகுதியும், இறுதியில் பொறி, மின்னிணைப்பு, கருவிகள் ஆகியவையும் வருகின்றன.

இரு இருக்கை வானூர்தி ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவிட்டுகள் உண்டு. ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிர் நீக்கப்பட வேண்டும். நீக்காவிடில் அங்கிருந்து விரிசல் தோன்றி, அதிர்வினால் நாளடைவில் வளரும். தலை சாய்ந்த ரிவிட்டைத் துளைத்தெடுத்துவிட்டுப் புதியதை அடிக்க வேண்டும். மரைகள் குறித்த முறுக்கு விசைக்கு இறுக்கப்பட்டு, தளராதிருக்கப் பூட்டுக்கம்பியாலோ பூட்டு மரையாலோ காக்கப்படுகின்றன. ஒவ்வொரு நாள் வேலையையும் நாட்குறிப்பிலும் ஒளிப்படத்திலும் பதிவது கட்டாயத்துக்கு நிகரான வழக்கம். மூடிய இறக்கையின் உள்ளே என்ன உள்ளது என்பதற்கு அப்பதிவே சான்று.

பொறி

இலகு வானூர்திகளில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் பொறிகளும், அமெரிக்காவின் லைக்கமிங், கான்டினென்டல் பொறிகளும் மிகுதியாகப் பயன்படுகின்றன. ஃபோக்ஸ்வாகன் மகிழுந்துப் பொறியை மாற்றியமைத்துப் பொருத்துவோரும் உளர். மகிழுந்துப் பொறி சாலையில் பெரும்பாலும் தன் ஆற்றலில் சிறு பகுதியை மட்டுமே தருகிறது. வானூர்தியிலோ மேலெழும்போது முழு ஆற்றலையும், பின்னர் நெடுநேரம் அதில் பெரும்பகுதியையும் தர வேண்டும். எனவே குளிர்விப்பு, எரிபொருள் ஓட்டம், தீப்பொறி அமைப்பு ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.

எடையும் ஈர்ப்பு மையமும்

கட்டி முடித்த வானூர்தியைப் பறக்கவிடும் முன் எடையிட வேண்டும். மூன்று சில்லுகளின் கீழும் மூன்று எடைக்கருவிகள் வைக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, மூக்கு நுனியை அளவீட்டின் தொடக்கமாகக் கொண்டால், 2.0 மீட்டர் தொலைவிலுள்ள இரு முதன்மைச் சில்லுகளும் தலா 150 கிலோகிராமும், 0.5 மீட்டர் தொலைவிலுள்ள மூக்குச் சில்லு 60 கிலோகிராமும் காட்டுவதாகக் கொள்க. எடையைத் தொலைவால் பெருக்கிக் கூட்டினால் 600 + 30 = 630. இதனை மொத்த எடையான 360 ஆல் வகுக்க, ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து 1.75 மீட்டரில் அமைகிறது. வானோட்டி, பயணி, எரிபொருள் ஆகியவற்றைச் சேர்த்தும் இக்கணக்கு செய்யப்படுகிறது. ஈர்ப்பு மையம் வடிவமைப்பாளர் குறித்த எல்லைக்குப் பின்னால் சென்றால் வானூர்தி நிலைத்தன்மையை இழக்கும். எல்லைக்கு முன்னால் சென்றால் தரையிறங்கும்போது மூக்கை உயர்த்த இயலாது போகும். கட்டுபவர் தம் விருப்பப்படி வாற்பகுதியில் சேர்க்கும் ஒரு சிறு கருவிகூட இக்கணக்கை மாற்றிவிடும்.

தகுதிச் சான்றும் சோதனைப் பறப்பும்

அமெரிக்காவில் இவை "சோதனை வகை" வானூர்திகளாகப் பதியப்படுகின்றன. வானூர்தியின் பெரும்பகுதி வேலையை அமெச்சூர்களே தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது விதி. வழக்கில் இது "51 விழுக்காடு விதி" எனப்படுகிறது. தொகுதி நிறுவனம் செய்து தரும் வேலை எஞ்சிய பகுதியைத் தாண்டக்கூடாது. பதிவுக்குப் பின், மக்கள் நெருக்கமில்லாப் பகுதியில் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்புகள் நடத்தப்பட்டு, தூக்குவிசை இழப்பு (ஸ்டால்) வேகம், ஏறும் வீதம், பொறி வெப்பம் முதலியன அளக்கப்படுகின்றன. பிரித்தானியாவில் இலகு வானூர்திச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்துக் கையொப்பமிடுகின்றனர்.

இந்தியாவில்

சென்னை, 1910

1909 சூலை 25 அன்று பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் கடந்தார். இச்செய்தியால் ஈர்க்கப்பட்டவர்களுள் சென்னை மவுண்ட் சாலையில் தங்கும் விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் ஒருவர். அவர் தாமே வடிவமைத்த ஈரிறக்கை வானூர்தி ஒன்றைக் குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிக் கூடுகளும் செய்துவந்த சிம்சன் நிறுவனத்திடம் கொடுத்துக் கட்டுவித்தார். சிறு பொறி ஒன்று அதில் பொருத்தப்பட்டது. பல்லாவரத்தில் சோதித்தபின், 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் கட்டணம் செலுத்தி வந்த பொதுமக்கள் முன்னிலையில் அவர் அதனைப் பறக்கவிட்டார். அலகாபாத்தில் 1910 டிசம்பரில் நடந்த பறப்புகளுக்கும், 1911 பிப்ரவரியில் அங்கிருந்து நைனிக்குப் பறந்த முதல் வான் அஞ்சலுக்கும் இது முந்தியது.

தொகுதி வானூர்திகள்

பெங்களூரில் ஜோயல் கெக்லான் நிறுவிய ராஜ் ஹம்சா நிறுவனம் எக்ஸ்-ஏர் என்னும் மிக இலகு வானூர்தியைத் தயாரித்து, பிரித்தானியா, பிரான்சு முதலிய நாடுகளுக்குத் தொகுதிகளாக ஏற்றுமதி செய்தது. மரையாணிகளால் இணைக்கப்படும் அலுமினியக் குழாய்களும், முன்பே தைக்கப்பட்ட துணிப்போர்வையும் கொண்டதால் இதனைக் கட்டுவது எளிது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகமும் ரூட்டானின் வடிவமைப்பைத் தழுவி ஓர் இலகு ஆய்வு வானூர்தியைக் கட்டி 1987 இல் பறக்கவிட்டது. கலப்புப்பொருட் கட்டுமானத்தில் இவ்வாறு பெற்ற பட்டறிவு, 2000 இல் தகுதிச் சான்று பெற்ற ஹன்சா-3 பயிற்சி வானூர்திக்கு உதவியது.

சஜி தாமஸ்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த உலங்கு வானூர்திகளைச் சிறுவயதில் கண்டு வான்பறப்பில் ஆர்வம் கொண்டார். பல ஆண்டுகள் உழைத்து அவர் கட்டிய மிக இலகு வானூர்தியை, 2014 இல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ். கே. ஜே. நாயர் பறக்கவிட்டுக் காட்டினார்.

மணிமுத்தாறு, இராசபாளையம், சேத்தூர், திருவில்லிபுத்தூர் போன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. இவ்வடிவாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலையைத் தாண்டியும் கணவாய்கள் வழியாகவும் காற்று வலுவாக இறங்குகிறது. மலைக்குக் காற்றொதுக்கான பக்கத்தில் காற்று சுழன்று கொந்தளிக்கும். சில நூறு கிலோகிராம் எடையே உள்ள வானூர்திக்கு இது பெரும் இடர். ஆகையால் இத்தகைய இடங்களில் காற்று அமைதியான காலைப் பொழுதே சோதனைப் பறப்புக்கு ஏற்றது.

அமோல் யாதவ்

மும்பையைச் சேர்ந்த வானோட்டியான அமோல் யாதவ், காந்திவலி சார்கோப்பில் தமது குடும்பம் வாழும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டினார். அது கீழே இறக்கப்பட்டு, 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த "மேக் இன் இந்தியா" கண்காட்சியில் வைக்கப்பட்டபோது நாடறிந்தது. ஆயினும் கட்டியது பறப்பதற்கு அனுமதி பெறுவது கட்டுவதைப் போன்றே நீண்டதாயிற்று. 2017 நவம்பரில் பொது வான்போக்குவரத்து இயக்குநரகம் அதனைப் பதிவு செய்தது. 2019 இல் பறப்பு அனுமதி கிடைத்தது. 2020 இல் மகாராட்டிரத்தின் துலே நகரில் அது சோதனைப் பறப்பை மேற்கொண்டது.

இந்தியாவில் பதிவும் அனுமதியும் இன்றி எந்த வானூர்தியையும் பறக்கவிடுவது குற்றமாகும். 1934 ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2024 ஆம் ஆண்டு பாரதிய வாயுயான் சட்டம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும் "இளைஞர் கட்டிய விமானம்" பலவும் தரையிலேயே நின்றுவிடுவதற்கு அனுமதியின்மை மட்டும் காரணமன்று. கட்டுமானத்தை இடையிடையே பார்த்துச் சான்றளிக்கும் ஆய்வாளர்களும், சோதித்தறிந்த வரைபடங்களும் எட்டாதிருப்பதும் காரணமாகும்.

வெளிநாடு வாழ் இந்தியர்

ஆலப்புழையைச் சேர்ந்தவரும் இங்கிலாந்தில் வாழ்பவருமான பொறியாளர் அசோக் தாமராட்சன், கோவிட்-19 ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனத்திடமிருந்து நான்கு இருக்கை வானூர்தித் தொகுதியை வரவழைத்தார். அதனைக் கட்ட ஏறத்தாழ 1,500 மணி நேரமும் 1,40,000 பவுண்டும் செலவாயின. 2022 இல் பறந்த அவ்வானூர்திக்குத் தம் மகளின் பெயரால் "ஜி-தியா" என்று பெயரிட்டு, குடும்பத்துடன் ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்து சென்றார்.

பாதுகாப்பு

வீட்டில் கட்டப்பட்ட வானூர்திகளின் விபத்துகளில் பொறி மற்றும் எரிபொருள் கோளாறுகளும், புதிய வானூர்தியில் வானோட்டிக்குப் போதிய பழக்கமின்மையும் முதன்மையானவை. முதற் சில மணி நேரப் பறப்புகளும், வானூர்தி இரண்டாம் உரிமையாளரிடம் சென்றபின் வரும் முதற் பறப்புகளும் இடர் மிகுந்தவை. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று, தாம் அண்மையில் வாங்கிய லாங்-ஈசி வானூர்தி கடலில் வீழ்ந்து இறந்தார். வரைபடத்தில் வானோட்டியின் முன்னே இருக்க வேண்டிய எரிபொருள் தெரிவுக் கைப்பிடியைக் கட்டியவர் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். அதற்குக் குறியீடும் இடப்படவில்லை. தொட்டியை மாற்ற உடலைத் திருப்ப வேண்டியிருந்ததே விபத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக விசாரணையில் கூறப்பட்டது. கட்டியவருக்குப் பழகிப்போன ஒரு மாற்றம் அடுத்தவருக்கு ஆபத்தாகலாம் என்பதை இது காட்டுகிறது.

தொகுதி நிறுவனத்தின் தரமும் முக்கியமானது. வான்ஸ் நிறுவனம் லேசரால் வெட்டி அனுப்பிய சில பாகங்களின் துளைகளில் விரிசல் ஏற்படுவதைக் கட்டுவோரே கண்டறிந்தனர். அவற்றை மாற்றித் தரும் செலவு உள்ளிட்ட நெருக்கடிகளால் 2023 டிசம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்று, 2024 இல் மீண்டது. பெட்டியில் வந்த பாகமாயினும் அதனை ஆராய்ந்து ஏற்பதோ விலக்குவதோ கட்டுபவரின் பொறுப்பாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்க

* வானூர்தி
* சறுக்கு வானூர்தி
* ரைட் சகோதரர்கள்
* இந்திய வான்போக்குவரத்து வரலாறு
* மணிமுத்தாறு