கிரிவலம் போகும் கால் மட்டும் போதுமா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு சுற்றி வருபவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் ஏராளம். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலில் இவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் குறுகலான வழியில் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, காலால் உந்தித்தான் வெளியே வர முடியும். அவ்வளவு தூரம் அசராமல் நடந்தவர்கள்கூட இங்கே திணறுவதுண்டு. தலை வெளியே தெரிந்ததும் யாராவது கைகொடுத்து இழுத்துவிட வேண்டியிருக்கும். காலும் மூச்சும் நடைக்குப் பழகியிருக்கின்றன. தோளுக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை நம் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடும். முதுமையில் நேரும் இந்த இழப்புக்கு 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார்.

தசை இழைகளில் முக்கியமாக இரண்டு வகை. களைக்காமல் நெடுநேரம் உழைப்பவை ஒன்று. சட்டென்று விசை தருபவை இன்னொன்று. நிதானமான நடைக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். கால் தடுக்கும்போது விழாமல் சமாளிக்கவும், தரையிலிருந்து எழவும் இரண்டாவது வகை வேண்டும். வயதாக ஆக அதிகம் மெலிவது அதுதான். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் தசைகளே என்பதால், அவை குறைவது சர்க்கரை நோயாளிகளுக்கு இரட்டை நஷ்டம்.

இழந்ததை மீட்க வயது தடையில்லை. 1990-இல் மரியா ஃபியட்டரோன் குழுவினர் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

நடையோடு சேர்த்து, வாரத்தில் இரண்டு நாளாவது உடம்பின் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர்த் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் செய்தது அதைத்தான். வயதானவர்கள் அவற்றை எளிதாக்கிக்கொள்ளலாம். பஸ்கிக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். சுவரில் கைவைத்துத் தண்டால் எடுக்கலாம். தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தலாம். திண்ணையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம்.

முதலில் உங்கள் நிலையைச் சோதித்துப் பாருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம் என்பது ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல்.

பயிற்சி சுலபமாகிவிட்டால் தசை வளராது. எண்ணிக்கையையோ எடையையோ கொஞ்சம் கூட்ட வேண்டும். கூடவே பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் என்று புரதமும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.