தீவுப் பாறையின் பூர்வீகம்

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே, இது மேட்டுக்காட்டு மண், இது ஆற்றோர மண் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. எரிமலைத் தீவுகளின் பாறை அப்படி எளிதில் பிடிகொடுப்பதில்லை. ஹவாயின் கல்லும் சமோவாவின் கல்லும் பார்வைக்குப் பெரும்பாலும் ஒரே கறுப்பு பசால்ட்டுக் கல்தான். அவை பூமிக்குள் எதிலிருந்து உருகி வந்தன என்று அறிய அணுக்களை எண்ண வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரோன்சியம் என்ற உலோகம் இப்பாறைகளில் சிறிதளவு கலந்திருக்கிறது. அதன் அணுக்களில் எடை எண் 86 உடையவை உண்டு. 87 உடையவையும் உண்டு. ஒரே தனிமத்தில் எடையால் மட்டும் வேறுபடும் இத்தகைய அணு வகைகளை ஐசோடோப்புகள் என்கிறோம். இவற்றில் 86 கூடுவதில்லை. 87 மட்டும் மெல்லக் கூடுகிறது. ருபீடியம் என்னும் வேறொரு தனிமத்தின் அணு சிதைந்து ஸ்ட்ரோன்சியம்-87 ஆக மாறுவதே காரணம். அவசரமே இல்லாத மாற்றம் இது! அந்த ருபீடியத்தில் பாதி மாறுவதற்கே ஏறக்குறைய 4,900 கோடி ஆண்டுகள் வேண்டும். பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள்தாம்.

ஆகவே, ருபீடியம் மிகுந்த பழைய பாறையில் 87இன் பங்கு உயர்ந்திருக்கும். ருபீடியம் மிகுந்த இடம் எது? கண்டங்களின் தரை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை, மூடகம் என்ற பாறைப் பகுதி இருக்கிறது. அது சிறிது உருகும்போது ருபீடியம் முந்திக்கொண்டு குழம்போடு மேலேறிவிடும். இப்படி யுகயுகமாக ஏறி வந்தது கண்டங்களில் தங்கிவிட்டது.

பாறை உருகினால் இந்த விகிதம் கெட்டுவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பால் கலந்த தேநீரைக் குவளையில் ஊற்றினாலும் கிண்ணத்தில் ஊற்றினாலும், பாலுக்கும் சாயத்துக்கும் உள்ள அளவு மாறுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, ஸ்ட்ரோன்சியத்தைத் தனியே பிரிக்கிறார்கள். பிறகு அதன் அணுக்களுக்கு மின்னேற்றிக் காந்தப்புலத்தின் வழியே ஓடவிடுகிறார்கள். எடை குறைந்த அணு அதிகமாக வளையும். எடை கூடியது குறைவாக வளையும். அப்படிப் பிரிந்தவற்றை அளந்துவிடலாம்.

1964இல் காஸ்ட், டில்டன், ஹெட்ஜ் என்ற மூவர், தென் அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன், காஃப் தீவுகளின் பாறைகளை இவ்வாறு ஆராய்ந்தார்கள். ஸ்ட்ரோன்சியத்தோடு ஈயத்தின் ஐசோடோப்புகளையும் அளந்தார்கள். விகிதங்கள் ஒத்துப்போகவில்லை. மூடகம் எங்கும் ஒரே சீராகக் கலந்த மாவு அல்ல என்பது அப்போது தெளிவாயிற்று.

சமோவாவின் கதை இன்னும் வியப்பானது. நடுக்கடல் மலைத்தொடர்களில் மூடகம் உருகிப் புதுத் தரை பிறக்கிறது. அங்கே 86 வகை அணுக்கள் 10,000 இருந்தால், 87 வகை சுமார் 7,025 இருக்கும். சமோவாவின் சவாயித் தீவை ஒட்டிய கடலடிச் சரிவிலிருந்து வாரி எடுத்த எரிமலைக் கற்களிலோ அது 7,208 வரை போனது! மாத்யூ ஜாக்சன் குழுவினர் 2007இல் இதை வெளியிட்டார்கள். கடல்நீர் ஊறியதால் வந்த கூடுதலோ? கடல்நீரில் அந்த எண்ணிக்கை 7,092தான். இரண்டைக் கலந்தால் கிடைப்பது இரண்டுக்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். எவ்வளவு கடல்நீர் கலந்தாலும் 7,208 வராது. சமோவாவுக்கு அடியில் கண்டமும் இல்லை. அது கடல்தரை மேல் எழுந்த தீவு.

அப்படியானால் கண்டத்தின் அடையாளம் அங்கே எப்படி வந்தது? ஆறுகள் கண்டத்து மண்ணை அரித்துக் கடலில் சேர்க்கின்றன. ஆழ்கடல் அகழிகளில் கடல்தரை வளைந்து மூடகத்துக்குள் இறங்கும்போது அந்தச் சேற்றின் ஒரு பகுதியும் கூடவே போகிறது. முன்னொரு யுகத்தில் அப்படிப் புதைந்த மண்தான் சமோவாவில் தீக்குழம்போடு திரும்பி வந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

ஹவாயில் ஹீலியம் வேறு செய்தி சொல்கிறது. ஹீலியம்-4 யுரேனியம், தோரியம் சிதைவதால் இன்றும் உண்டாகிறது. ஹீலியம்-3இன் பெரும்பகுதியோ பூமி பிறந்தபோதே உள்ளே அடைபட்டது. காற்றிலுள்ள விகிதத்தோடு ஒப்பிட்டால், நடுக்கடல் மலைத்தொடர்ப் பாறைகளில் ஹீலியம்-3இன் பங்கு சுமார் 8 மடங்கு. ஹவாய்க்கு அருகே கடலுக்குள், லோயிஹி என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட எரிமலையில் அது ஏறக்குறைய 30 மடங்கு வரை இருக்கிறது. பூமி பிறந்த நாளில் சிறைப்பட்ட வாயு அங்கே இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது.