மருத்துவக் குறியீட்டுத் தேர்வும் நம் பட்டதாரிகளும்

மருத்துவர் எழுதும் நோய்க் குறிப்பையும் அவர் அளித்த சிகிச்சையையும் எழுத்தும் எண்ணும் கலந்த குறிகளாக மாற்றித் தருவதே மருத்துவக் குறியீட்டுப் பணியாகும். இரண்டாம் வகை நீரிழிவு பிற சிக்கலின்றி இருப்பின் அதன் குறி இ 11.9, அந்நீரிழிவால் நாட்பட்ட சிறுநீரக நோயும் சேர்ந்திருப்பின் இ 11.22. புறத்தே நோக்குவோர்க்கு இஃது எழுத்தர் வேலையாகத் தோன்றக்கூடும். ஆயினும், அமெரிக்க மருத்துவமனையொன்றின் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்குமா, ஏற்பின் எவ்வளவு தரும் என்பது பெரிதும் இக்குறிகளைப் பொறுத்தே அமைகிறது. அவ்வேலையின் ஒரு பகுதி சென்னை, ஐதராபாத், பெங்களூரு போன்ற நம் நகரங்களில் நடைபெறுகிறது. உயிரியல், மருந்தியல், செவிலியம், இயன்முறை மருத்துவம் பயின்ற இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், இத்துறையை நாடுகின்றனர். அவர்களுட் பலர் எழுத விரும்புவது சி.பி.சி. எனப்படும் சான்றிதழ்த் தேர்வு.

மூன்று நூல்கள்

நோய்களை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலின் தொடக்கம் 1893ஆம் ஆண்டு ஜாக் பெர்டில்லான் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் வகுத்த இறப்புக் காரணப் பட்டியலாகும். 1948இல், ஆறாம் திருத்தத்தின்போது, உலக சுகாதார நிறுவனம் இப்பொறுப்பை ஏற்றது. பத்தாம் திருத்தத்தை விரிவாக்கி அமெரிக்கா தனக்கென ஒரு பதிப்பை உருவாக்கி, 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதில் ஏறத்தாழ 70,000 குறிகள் உள்ளன. செய்முறைகளுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டு வரும் ஐந்திலக்கக் குறி நூல் பயன்படுகிறது. மருந்து, கருவி முதலியவற்றுக்கு மூன்றாவது நூல் ஒன்று உண்டு.

தேர்வை நடத்துவது 1988இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.ஏ.பி.சி. என்னும் அமைப்பு. நான்கு மணி நேரம், 100 வினாக்கள், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும், சரியானதைத் தெரிவு செய்தல் வேண்டும். மேற்கூறிய மூன்று நூல்களையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

நூல் இருந்தும் கடினம்

நூலைப் பார்த்து எழுதும் தேர்வு என்பதால் எளிதென்று கருதுவோர் பலர். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 நொடி. இதற்குள் அறுவைக் குறிப்பு ஒன்றைப் படித்து, அகரவரிசையில் தேடி, பட்டியலுக்குச் சென்று சரிபார்த்து முடித்தாக வேண்டும். நூலின் அமைப்பு கைவிரலுக்குப் பழகாதவர்க்கு இது போதாது. அகரவரிசையில் கண்ட குறியை அப்படியே எழுதிவிடுவதும் பெருந்தவறு. பட்டியலில் அக்குறியின் கீழுள்ள விலக்குக் குறிப்புகள் அதனைத் தள்ளுபடி செய்யக்கூடும். விலக்குகளும் இருவகை: முதல் வகையில் இரு குறிகளையும் பொதுவாகச் சேர்த்தெழுதலாகாது, இரண்டாம் வகையில் நோயாளிக்கு இரண்டும் இருப்பின் எழுதலாம்.

உண்மையில் தேர்வு சோதிப்பது விதிகளையே. புறநோயாளி ஒருவர் நெஞ்சு வலியுடன் வருகிறார். 'மாரடைப்பாக இருக்கலாம்' என மருத்துவர் குறிக்கிறார் எனக் கொள்வோம். இங்கு மாரடைப்புக் குறியை இடக் கூடாது. நெஞ்சு வலிக்குரிய ஆர் 07.9 மட்டுமே பொருந்தும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் வெளியேறும்போதும் அதே ஐயம் நீடித்திருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு குறியிட வேண்டும். இன்னொன்று: இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் ஒருவருக்கு இருப்பின், மருத்துவர் அவற்றைத் தொடர்புபடுத்தாவிடினும் விதி தொடர்புபடுத்துகிறது. ஐ 11.0 முதலிலும், செயலிழப்பின் வகையைக் காட்டும் குறி அடுத்தும் வரும். குடல்வாலைத் திறந்த அறுவையில் அகற்றினால் 44950. உள்நோக்கிக் கருவியால் அகற்றினால் 44970. கருவியால் தொடங்கித் திறந்த அறுவையாக முடிந்திருந்தால் பின்னதை மட்டுமே கோரலாம். பதிவில் இல்லாததைக் கூட்டி எழுதிப் பணம் கோருவது அமெரிக்கச் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாக்கக்கூடியது என்பதையும் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

எனவே, மருத்துவச் சொற்களின் வேர்களை முதலில் கற்பதே முறையாகும். 'ஐடிஸ்' எனில் அழற்சி; 'எக்டமி' எனில் அகற்றல்; 'ஆஸ்டமி' எனில் திறப்பு அமைத்தல். தாய்மொழி வழியில் பயின்ற மாணவர்க்கும் இவ்வேர்கள் சில வாரங்களில் வசப்படும். குறி நூல்கள் ஆண்டுதோறும் மாறுவதால், மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பதிப்பை வாங்குவது சிக்கனமாகாது. முழுநீளப் பயிற்சித் தேர்வுகளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பதும் இன்றியமையாதது. ஒரு வினாவில் சிக்கிக்கொள்ளாமல் கடந்து சென்று மீண்டும் வரப் பழக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. எனவே எதையும் வெற்றிடமாக விடலாகாது.

சான்றிதழின் விலை

கட்டணம் டாலரில் செலுத்தப்படுவது, நூல்களும் அவ்வாறே. இதன்மேல் பயிற்சி நிலையங்களின் கட்டணம் வேறு. நடுத்தரக் குடும்பங்கள் கடன்பட்டுச் செலுத்தும் இத்தொகைக்கு ஈடாக 'வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் நிலையங்களிடம் அவ்வுறுதியை எழுத்தில் கேட்பது நலம். தேர்ச்சி பெற்ற புதியவர்க்கு உடனே முழுத் தகுதி கிடைப்பதில்லை; பெயருக்குப் பின் பயிலுநர் என்பதைக் குறிக்கும் 'ஏ' எழுத்து சேர்கிறது. ஈராண்டுப் பணி அனுபவமோ, ஓராண்டு அனுபவத்துடன் 80 மணி நேரப் பயிற்சியோ காட்டினாலன்றி அது நீங்காது. பின்னரும் ஈராண்டுக்கொரு முறை 36 தொடர்கல்வி அலகுகள் பெற்றாக வேண்டும். பொருளியலார் நோக்கில் சான்றிதழ் என்பது திறமையை முதலாளிக்கு உணர்த்தும் ஓர் அடையாளம். எல்லோரும் அதைப் பெறும்போது அதன் மதிப்பு குறைகிறது. சில நிறுவனங்கள் பட்டதாரிகளைத் தாமே எடுத்துப் பயிற்றுகின்றன. இயலுமாயின் அங்குச் சேர்ந்து, ஊதியம் பெற்றுக்கொண்டே தேர்வெழுதுவது மேல் என்பது என் கருத்து. எக்ஸ்ரே, ஆய்வுக்கூட அறிக்கை போன்ற எளிய இனங்களில் கணினியே குறியிடத் தொடங்கிவிட்டதையும் கருதினால், சிக்கலான அறுவைகளையும் தணிக்கையையும் கற்றவர்க்கே நிலைபேறு உண்டு.

உள்நாட்டுத் தேவை

அமெரிக்கக் கோரிக்கைகளுக்கு இத்தனை கைகள் இருக்க, நம் நாட்டின் இறப்புக் காரணப் பதிவு பின்தங்கியே உள்ளது. 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4இலும், பிற இறப்புக்குப் படிவம் 4ஏயிலும் மருத்துவர் காரணம் எழுதுகிறார். 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடு மட்டுமே. சான்று உள்ளவற்றிலும் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதப்படுவதுண்டு. அது காரணமன்று, இறப்பின் தோற்றம். அதற்கு அடிப்படையாக இருந்த நீரிழிவோ காசநோயோ படிவத்தின் கீழ்வரியில் இல்லையெனில், குறியிடுபவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் பயன்தரும் எண்ணைத் தர இயலாது. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் நிதி ஒதுக்குவோர் இவ்வெண்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நோய்ச் சொற்களுக்கும் அதில் ஒரு பகுதி 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டது. சி.பி.சி. தேர்வு இவற்றைச் சோதிப்பதில்லை. அமெரிக்கக் கோரிக்கைகளுக்குப் பத்தாம் திருத்தத்தின் பதிப்பே பயன்படுகிறது. பதிவாளர் அலுவலகங்களுக்கும் அரசு மருத்துவமனைகளின் பதிவறைகளுக்கும் ஏற்ற பாடத்திட்டத்தையும் தேர்வையும் நாமே வகுக்க வேண்டியிருக்கும். அதில் அமெரிக்கக் கட்டண விதிகளுக்குப் பதிலாகப் படிவம் 4ஐப் பிழையின்றி வாசிக்கும் பயிற்சி முதற்பாடமாக அமைதல் வேண்டும்.